அவரவர் கதிரை

முதன்முதலாக அந்த ஆற்றங்கரைக்குப் போவதற்காகக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா கராஜ் வாசலில் நின்று சிரித்தாள்.

"சனம் முகாமில இருந்து தப்பியோடி வந்து வீடு வாங்குது. நாங்கள் வாங்கின வீட்டைப் பூட்டிப்போட்டு முகாமுக்குப் போறம். அதுக்குக் காசும் கட்டிப்போட்டு."

"இது அந்த முகாம் இல்லையப்பா. இது கிளப்," என்றேன்.

"ரெண்டிலயும் தறப்பாள்தானே?"

சிறுமியாக இருந்தபோது அம்மா சண்டைக்குத் தப்பி வந்து ஒரு முகாமில் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தவள். அதைச் சொல்லி அவள் அழுததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பகிடியாகத்தான் சொல்வாள். அந்தப் பகிடிகளை எழுதி வைக்காவிட்டால் எனக்கே மறந்துபோகும் என்று இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் மகள் திருத்தி வாசி. தம்பிக்குத் தமிழ் எழுத்து ஓடாவிட்டால் நீயே அவனுக்கு வாசித்துக் காட்டு. அவன் அப்போது சின்னப் பிள்ளை. நீயோ பாதி நேரம் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாய். அதனால் உங்கள் இருவருக்கும் தெரியாதவை இதில் இருக்கும்.

நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர்தான் எங்களை அந்தக் கிளப்பில் சேர்த்துவிட்டார். நம் வீடு இருக்கும் வெரிபீயில் இருந்து வடக்கே, கார் ஓடி ஓடி முதுகு விறைக்கும் தூரத்தில் அந்த இடம் இருந்தது. ஆறு, கம் என்று சொல்லும் பெரிய யூகலிப்டஸ் மரங்கள், புல்வெளி, ஒரு குளியலறைக் கட்டடம், அவ்வளவுதான். கிளப் என்றால் முதலாளி கிடையாது. நிலம் அங்கத்தவர்களுடையது. புல் வெட்டுவது, கக்கூஸ் கழுவுவது, வேலி திருத்துவது எல்லாம் முறை வைத்துச் செய்வார்கள். லீவு நாட்களில் ஒருவர் வார்டனாக இருப்பார். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதும் சட்டங்களைச் சொல்வதும் மீறினால் வந்து நிற்பதும் அவருடைய வேலை.

எங்கள் வார்டன் நெட்டையான ஒரு கிழவர். எந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டைதான். முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, ஓலைத் தொப்பி. கையில் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு வைத்திருப்பார். ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் இடையில் ஆறு மீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கயிற்றின் ஒரு நுனியை என் கையில் தந்து, "பிடி, மேட்," என்று கூட்டாளியிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மற்ற நுனியோடு நடப்பார். முடிச்சு எட்டாவிட்டால் அடித்த ஆணியைப் பிடுங்கச் சொல்வார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் எப்படி நிற்கிறதோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் காலையிலேயே அம்மா அவரிடம் மாட்டிக்கொண்டாள். அரிசிச் சட்டியோடு குழாயடிக்குப் போயிருக்கிறாள். அவர் வந்து பக்கத்தில் நின்றாராம்.

"இது குடிக்கிற தண்ணிக் குழாய். சட்டி கழுவுறது அங்கால."

"நான் சட்டி கழுவேல்லை, அங்கிள். அரிசி கழுவுறன்."

கிழவர் யோசித்தார். அவருடைய சட்டத்தில் அரிசி இல்லை.

"அரிசியும் அங்கால," என்றார்.

"அங்கிள்" என்று அவள் கூப்பிட்டதும் அவருக்குப் புதினமாக இருந்தது. நான் உனக்கு உறவில்லையே என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கு வயதில் மூத்தவர் எல்லாரும் அங்கிள்தான், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், என்று இவள் சொன்னாள். அன்றிலிருந்து அவர் நம் வீட்டில் எல்லோருக்கும் அங்கிள்.

அடுத்த சட்டம் நடப்பது பற்றியது. கூடாரங்களுக்கு இடையில் வேலியும் இல்லை, கோடும் இல்லை. எல்லாம் ஒரே புல். ஆனாலும் அடுத்தவர் கூடாரம் அடித்த நிலத்துக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. பாதையால் சுற்றித்தான் போக வேண்டும். அம்மா வடைத் தட்டோடு குறுக்கே நடந்துபோனதைக் கண்டு அங்கிள் மறித்தார்.

"உன்ர வீட்டு ஹோலுக்குள்ளால நான் நடந்து போனா உனக்கு எப்பிடியிருக்கும்?"

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு சொல்லுவன்."

அங்கிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு வடையை எடுத்துக்கொண்டு, "சுத்திப் போ," என்றார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் மணி அடிப்பார். எல்லோரும் பெரிய மரத்துக்குக் கீழே கூட வேண்டும். முதல் தடவை நாமும் போனோம். அம்மா தட்டு நிறைய வடை கொண்டுபோனாள். மற்றவர்கள் எல்லோரும் மடக்குக் கதிரைகளை விரித்து வட்டமாக இருந்தார்கள். நாம் நால்வரும் நின்றோம். ஒருவரும் எழும்பவில்லை.

"எங்க உங்கட கதிரை?" என்றார் அங்கிள்.

நமக்கு அது விளங்கவில்லை. நம்மவர்களில் கூப்பிட்டவன்தான் கதிரை போடுவான். வந்தவன் கதிரையோடு வந்தால் அது அவமானம். அங்கிளுக்கோ அது நேர்மாறு. அவரவர் கதிரை, அவரவர் குவளை, எல்லோருக்குமாக ஒரு தட்டு. அதுதான் ஒழுங்கு. "போய் எடுத்துக்கொண்டு வாங்கோ, காத்திருக்கிறம்," என்றார். உண்மையாகவே காத்திருந்தார்கள். நான் கதிரைகளைச் சுமந்துகொண்டு திரும்பி வரும்வரை ஒருவரும் ஒரு வடையைத் தொடவில்லை.

"கூப்பிட்டுப்போட்டுக் கதிரை குடுக்காத சனம்," என்று அம்மா என் காதுக்குள் சொன்னாள். ஆனால் அவளுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் மணி அடிக்க முன்னமே கதிரையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நம் பக்கத்து இடத்தில் வழமையாக ஒரு கிழவி காரில் இழுத்துவரும் தன் சின்னக் கரவன் வண்டியை நிறுத்துவார். அதன் முன்னால் கூடாரச் சீலையால் ஒரு முன்வாசல் கட்டியிருப்பார். மூக்கு நசுங்கிய ஒரு நாய் அவரிடம் இருந்தது. அவரை நாய்க்கார அன்ரி என்போம். அம்மா வந்து இறங்கியதும் முதல் வடை அவருக்குத்தான். முன்வாசலின் ஸிப் இழுத்து மூடியிருந்தாலும் வெளியே நின்று, "அன்ரி! அன்ரி!" என்று கூப்பிடுவாள். ஒருமுறை அன்ரி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்ட, முகம் சிவந்துபோய் வெளியே வந்தார். தட்டை வாங்கினார், நன்றி சொன்னார், உள்ளே போனார். "பாவம், குளிப்புக்குள்ள கூப்பிட்டிட்டன்," என்று அம்மா சிரித்தாள். அதற்கு மேல் நாம் ஒன்றையும் யோசிக்கவில்லை.

போகும் நாளில் பத்து மணிக்கு முன் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அங்கிள் வந்து அந்த நிலத்தை நடந்து பார்ப்பார். ஓர் ஆணி கிடந்தாலும் கூப்பிட்டுக் காட்டுவார். பிறகு வெளிவாசல் படலையடியில் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். சொல்லாமல் போனால் அவருக்குக் கோபம். ஒரு கார் குறைகிறது, ஆள் ஆற்றில் விழுந்தானா வீட்டுக்குப் போனானா என்று தனக்கு எப்படித் தெரியும் என்பார். அம்மா ஒவ்வொரு முறையும் கார்க் கண்ணாடியை இறக்கி, "போட்டு வாறன், அங்கிள்," என்று தமிழில்தான் சொல்வாள். என்ன சொல்கிறாய் என்று அவர் ஒருநாள் கேட்டார். நாங்கள் போகிறோம் என்று மட்டும் சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறோம் என்றுதான் சொல்வோம், சும்மா போகிறேன் என்றால் அது திரும்பி வராத போக்கு என்று இவள் விளங்கப்படுத்தினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சட்டம் என்றால் அவருக்கு எந்த நாட்டுச் சட்டமும் பிடிக்கும்.

பிறகு அம்மாவுக்கு வருத்தம் வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும். இனி ஊசி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று டொக்டர் சொன்ன கிழமை, அவள் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"ஈஸ்டருக்கு ஆத்தங்கரைக்குப் போவமே?"

மகள், நீதான் முதலில் வாய் திறந்தாய். "அம்மா, ஆர் யூ ஷுவர்? இற்ஸ் ஃப்ரீஸிங் தெயர்."

"குளிருக்கு நான் பயமில்லை. எல்லாரையும் ஒருக்கால் பாத்திட்டு வருவம்."

அவள் ஆற்றைப் பார்க்கக் கேட்கவில்லை. அங்கே இருக்கும் ஆட்களைப் பார்க்கக் கேட்டாள். அவளால் இனி வீடு வீடாக நடக்க முடியாது. ஆனால் அவர்கள் வருவார்கள் என்று நம்பினாள். நம்மில் ஒருவர் படுத்துவிட்டால் சனம் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் தோடம்பழத்தோடும் வந்து நிற்கும். வேண்டாம் என்றாலும் வரும். வெரிபீ வீட்டில் அப்படி வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியே நான் களைத்துப்போயிருந்தேன். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

அந்த முறை அங்கிள், விஷயத்தை முன்னமே கேள்விப்பட்டிருந்தார் போல, ஒன்றும் கேட்காமலே குளியலறைக் கட்டடத்துக்குக் கிட்ட நமக்கு இடம் காட்டினார். கயிற்றை எடுக்கவில்லை. அம்மா காருக்குள் தொப்பியும் போர்வையுமாக இருந்ததை ஒருமுறை பார்த்தார். "வந்தது சந்தோஷம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூடாரம் அடித்து முடித்தபோது ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழும்பியது. நான் முன்வாசல் சீலையை இறக்கி, ஸிப்பை அடிவரை இழுத்து மூடினேன். உள்ளே அவளுக்கு ஒரு கதிரை போட்டேன். வருகிறவர்களுக்கென்று மூன்று கதிரைகளை எதிரே விரித்து வைத்தேன். அது கிளப் ஒழுங்கு இல்லைதான். ஆனால் நோயாளியைப் பார்க்க வருகிறவன் கதிரையோடு வருவானா என்று நினைத்தேன். வடையும் இருந்தது. அவளால் முடியாததால் அவள் சொல்லச் சொல்ல நான் பருப்பு அரைத்துச் சுட்டது. ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இதால எறிஞ்சா கொக்கட்டூக் கிளி விழும்," என்றாள்.

பின்னேரம் நீல உடுப்பை உடுத்தாள். தலைக்குப் பூப்போட்ட துணி கட்டினாள். பொட்டும் வைத்தாள். ஸிப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

மணி அடித்தது. மரத்தடியில் கதிரைகள் விரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தமும் கேட்டது. வழமையை விடக் குறைவாகத்தான். "கூட்டம் முடிய வருவினம்," என்றாள். கூட்டம் முடிந்தது. பாதையில் காலடிகள் வந்தன. நமக்கு நேரே வந்ததும் மெதுவாகின. பிறகு தாண்டிப் போயின. பொழுதுபட்டது. தம்பி, அந்த மூன்று கதிரைகளில் ஒன்றில் இருந்து நீ வடையை உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த நாளும் அப்படியே போனது. அவள் அதே உடுப்பை நீவி உடுத்திக்கொண்டு இருந்தாள். அன்ரியின் நாய் கூடக் குரைக்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவ்வளவு வருஷம் எங்கட வடையைத் திண்டிட்டு, ஒரு மனுசராவது எட்டிப் பாக்குதே? இதுகளுக்கு மனமெண்டு ஒண்டு இருக்கே?"

"மெதுவாக் கதையுங்கோ. சீலைக்குள்ளால கேக்கும்."

"கேக்கட்டும்."

"அவையளுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் இருக்கும்," என்றாள். அவர்களுக்காகப் பேசினாள். எப்போதும் அப்படித்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கென்ன தொத்து வருத்தமே?"

நான் போர்வையை இழுத்து அவள் கால்களை மூடிவிட்டேன். 

சில விஷயங்களை நான் கண்டும் காணாமல் இருந்தேன். காலையில் எழும்பி வெளியே போனால் நம் தண்ணீர்க் கேன் நிரம்பியிருக்கும். விறகு அடுக்கியிருக்கும். எதிர்ப்பக்கம் ஒருவர் வழமையாக ஓடவிடும் ஜெனரேட்டர் சத்தம் இல்லை. சைக்கிள் ஓடும் பிள்ளைகள் நம் பக்கம் வராமல் ஆற்றுப் பக்கமாகச் சுற்றினார்கள். இதெல்லாம் கிளப் வேலை, முறைக்காரர் செய்கிறார்கள் என்று நினைத்தேன். கோபக்காரனுக்கு நல்லது கண்ணில் படாது.

கடைசிக் காலை வெயில் எறித்தது. பத்து மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பதால் நான் முன்வாசல் ஸிப்பைத் திறந்து, சீலையைச் சுருட்டி மேலே கட்டினேன். கூடாரத்தைக் கழற்றும்வரை அவள் வெயிலில் இருக்கட்டும் என்று கதிரையோடு வாசலுக்கு நகர்த்தினேன். பிறகு பின்பக்கம் போய் ஆணி பிடுங்கத் தொடங்கினேன்.

இரண்டாவது ஆணியில் இருந்தபோது மகள், உன் குரல் கேட்டது. "அப்பா! கம் அன்ட் லுக்!"

நாய்க்கார அன்ரி தன் கரவனில் இருந்து வந்துகொண்டிருந்தார். அந்த வயதுக்கு அது ஓட்டம். அப்போதும் புல்லுக்குக் குறுக்கே வராமல் பாதையால் சுற்றித்தான் வந்தார். ஒரு கையில் மடக்குக் கதிரை, மறு கையில் நாய். வந்து கதிரையை விரித்து அம்மாவுக்கு முன்னால் இருந்தார். மூச்சு வாங்கியது. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கடைசியாத் திறந்தியே," என்றார்.

"எதை, அன்ரி?"

"ஸிப்பை."

அதற்குள் அங்கிளும் வந்துவிட்டார். அவர் கையிலும் கதிரை. நான் கையில் ஆணியோடு நின்றேன். அவர்தான் விளங்கப்படுத்தினார். முன்சீலை மூடியிருந்தால் அந்த வீட்டுக்காரர் ஒருவரையும் பார்க்க விரும்பவில்லை என்று அர்த்தம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டாலும் கூப்பிடக் கூடாது. நாம் அம்மாவை வைத்துக்கொண்டு தனியாக இருக்க ஆசைப்படுகிறோம், அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்று முழு முகாமும் நினைத்திருந்தது. சத்தம் போடாதே, கிட்டப் போகாதே என்று அவரே ஒவ்வொரு கூடாரமாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"இது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன். என் குரல் நன்றாக இருக்கவில்லை.

"எழுதேல்லை, மேட். இது எல்லாருக்கும் தெரிஞ்சது."

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நீ தண்ணீர் கொடுத்தாய். குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"மூடியிருந்தாத் தட்டுறதுதானே, அங்கிள்! எங்கட ஆக்கள் கதவு பூட்டியிருந்தாத் தட்டுவினம். திறக்காட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுவினம். அதுக்கும் திறக்காட்டிப் பின்கதவால வருவினம்."

"பின்கதவாலயா?" அங்கிள் உண்மையாகவே பயந்துபோனார்.

"வந்து குசினியில தேத்தண்ணியும் போடுவினம்."

அன்ரி சிரிக்கவில்லை. "நீ மூடின சீலைக்கு வெளியால நிண்டு கூப்பிட்ட நேரமெல்லாம் நான் வந்தனான், பிள்ளை. தலை நனைய நனைய வந்தனான். ஆனா உன்னை அப்பிடிக் கூப்பிட என்னால முடியேல்லை. ரெண்டு தரம் உன்ர வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பினனான்."

"காலடி கேட்டது, அன்ரி. அது நீங்களோ?"

"நான்தான். நாயின்ர வாயைப் பொத்திக்கொண்டு."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்தார்கள். எல்லோர் கையிலும் கதிரை. பாதி கழற்றிய கூடாரத்தைச் சுற்றி வட்டம் ஒன்று உண்டானது. அம்மா வடைத் தட்டை எடுத்து நீட்டச் சொன்னாள். இரண்டு நாள் பழைய வடை. அங்கிள் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பிறகு தேத்தண்ணீருக்குள் ஊறப் போட்டார். "மனுசன் சுட்டது," என்று அம்மா என்னைக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பத்து மணி தாண்டியது. படலையடியில் அடுத்த ஆட்களின் கார் வந்து நின்றது. ஒரு தடவை நான் ஐந்து நிமிடம் பிந்தியதற்குக் கூட முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர் அங்கிள். நான் எழும்பப் போனேன். அவர் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஈரம். ஈர நிலத்தை நான் பரிசோதிக்கிறேல்லை. காயட்டும்."

அந்த வருடம் அங்கே மழையே இல்லை. புல் தும்பு மாதிரிக் கிடந்தது.  அங்கிள் எழும்பிப் போய் அந்தக் காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்து மறுபடி இருந்தார்.

அவ்வளவுதான். அந்த வெயில் மரத்துக்கு மேலே ஏறும்வரை அவள் எல்லோரையும் பார்த்தாள், எல்லோரோடும் பேசினாள். பிறகு களைத்துவிட்டாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அன்ரி முதலில் எழும்பித் தன் கதிரையை மடக்கினார். மற்றவர்களும் மடக்கினார்கள். அந்தச் சத்தம், ஒன்றின் பின் ஒன்றாக இரும்புக் கால் மடங்கும் சத்தம், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

படலையடியில் அவள் கண்ணாடியை இறக்கி, "போட்டு வாறன், அங்கிள்," என்றாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் சொன்னாள்: "நல்ல சனம். பாவம், தட்டத் தெரியேல்லை." கொஞ்சத் தூரம் போனபின், "அந்த ரெண்டு நாளும் சும்மா போயிட்டுது, என்ன?" என்றாள். பிறகு வீடு வரும்வரை நித்திரை.

ஈஸ்டரை அடுத்து வந்த குளிர்காலத்தில் அம்மா போய்விட்டாள்.

செத்த வீட்டு நாட்களில் நம் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படலை முதல் கராஜ் வரை சப்பாத்தும் செருப்பும். சமையல் வெளியே இருந்து வந்தது. வந்தவர்களுக்குக் கதிரை போதாமல் பாதி ஆண்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நம் செத்த வீட்டில் ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. கதவு திறந்து கிடக்கும், வருகிறவர்கள் பேசாமல் உள்ளே வருவார்கள். அன்று பின்னேரம் குளிர் தாங்காமல் யாரோ முன்கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆர், பொலிஸே?" என்றார் என் ஒன்றுவிட்ட அக்கா. மறுபடியும் தட்டியது. கொஞ்சம் பலமாக.

எனக்குத் தெரிந்துவிட்டது.  மகள், நீதான் போய்த் திறந்தாய்.

அங்கிள் நின்றார். முதல் தடவையாக நீளக் காற்சட்டையில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் டை. தொப்பி இல்லை. பின்னால் நாய்க்கார அன்ரி, கையில் கடதாசியால் மூடிய ஒரு தட்டு. இரண்டு பேரும் கக்கத்தில் மடக்குக் கதிரை வைத்திருந்தார்கள்.

"தட்டினன்," என்றார் அங்கிள்.  பிறகு சப்பாத்துக் குவியலைக் கண்டு, குனிந்து, கஷ்டப்பட்டுத் தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். தம்பி, நீ போய் அவருக்கு அவிழ்த்துவிட்டாய்.

அவர் உள்ளே வந்து, ஒருவருக்கும் குறுக்கே போகாமல், சுவரோரமாகச் சுற்றி வந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளித் தன் கதிரையை விரித்தார். அன்ரி பக்கத்தில் விரித்தார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்த வீட்டுக்குக் கதிரையோடு வந்தவர்களை அவர்கள் கண்டதில்லை. அக்கா என் பக்கம் குனிந்து, "என்ன, எங்களிட்டக் கதிரை இல்லையெண்டு நினைச்சிட்டினமோ?" என்றார். உண்மையில் இல்லைதான். அன்ரி கொண்டுவந்தது கேக். அதில் முட்டை இருக்கும், செத்த வீட்டில் முட்டை ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் இருந்தார்கள். பேசவில்லை. வந்தவர்களின் பேச்சு அவர்களுக்கு விளங்கவும் இல்லை. ஆனாலும் எழும்பவில்லை. களஞ்சியத்து வெள்ளைக்காரர் சொல்லக் கேட்டு, ஆற்றங்கரைப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் கார் ஓடி வந்தவர்கள், கையை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

இருட்டத் தொடங்கியதும் சனம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. நம் வழக்கம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். செத்த வீட்டில் போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது. போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். அதனால் பேசாமல் எழும்புவார்கள், பேசாமல் போய்விடுவார்கள். வீடு அப்படியே, சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெறுமையாகியது.

அங்கிள் கதிரையை மடக்கினார். அன்ரியின் கதிரையையும் மடக்கினார். நேரே வாசலுக்குப் போகாமல் சுவரோரமாகச் சுற்றி என்னிடம் வந்தார். முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாய்க்குள் எதையோ இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்:

"போட்டு வாறன்."

"ஐயோ!" என்று அக்கா வாயில் கை வைத்தார். "இஞ்ச நிண்டு அப்பிடிச் சொல்லக்கூடாது, ஆராவது சொல்லுங்கோவன் அந்த மனுசனுக்கு!"

"ஓம், அங்கிள்," என்றேன் நான். "வாங்கோ."

பிழைதான், பிள்ளைகள். நம் வழக்கப்படி அது பெரிய பிழை. ஆனால் அந்த நாட்களில் நம் வீட்டுக்கு வந்து போன அத்தனை பேரிலும் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான்.